புற்றுக் கட்டியும் குருதி வாய்க்காலும்

மன்னார் மாவட்டத்தின் பெருநிலப்பரப்பில் அமைந்த நானாட்டான் நெல்வயல்கள் நிறைந்த ஊர். அநுராதபுரப் பக்கமிருந்து இறங்கி வரும் அருவி ஆற்றைத் தேக்கம் என்னும் இடத்தில் மறித்து, அந்நீரைக் கால்வாய் வழியே கட்டுக்கரைக் குளத்திற் சேர்த்து, அங்கிருந்து துரிசுகளின் ஊடாக வாய்க்கால்களுக்கு விடுவர். வானம் தரும் மழையும் இவ்வாய்க்கால் நீருமே அவ்வூர்க் காலபோகத்தின் இரு கண்கள். வாய்க்கால் எட்டாத நிலம் எத்துணை நல்ல மண்ணாயினும், அதில் தூவிய நெல் முளைத்து, சிறிது தலைகாட்டி, பின் வாடி நின்றுவிடும். விதையின் வீரியம் மட்டும் விளைச்சலைத் தருவதில்லை. நீர் வந்து சேரும் வழி வேண்டும். இவ்வுண்மையை நானாட்டான் கமக்காரர் ஒருவருக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை.

மனித உடலிலே தோன்றும் புற்றுக் கட்டிக்கும் இதே விதிதான். கட்டியின் கலங்கள் எவ்வளவு வெறியோடு பெருகினும், அவற்றுக்குக் குருதி வந்து சேரும் வழி இல்லையெனில் அவை கடுகளவிலேயே நின்றுவிடும். அவ்வழியைக் கட்டி தானாக வெட்டிக்கொள்வதில்லை. நல்ல உடலின் நல்ல குருதிக்கலன்களைக் கொண்டே வெட்டுவித்துக்கொள்கின்றது. அவ்வேலையை நடத்தி வைக்கும் பொறி ஒன்று உண்டு. அது புரதக் கைனேஸ் என்னும் வகையைச் சேர்ந்த ஒரு நொதியம். அப்பொறி எவ்வாறு இயங்குகின்றது, அதனைத் தடுக்கும் மருந்துகள் எவ்வளவு பயன் தருகின்றன, அம்மருந்துகள் எளியவருக்கு எட்டுமா, எல்லாவற்றிற்கும் மேலாக ஒரு சாதாரணக் குடும்பம் இதிலிருந்து அறியத்தக்கது யாது என்பவையே இங்கு ஆராயப்படுகின்றன.

முதலில் தூரக் கணக்கைப் பார்ப்போம். நாம் மூச்சில் இழுக்கும் ஒட்சிசனைக் குருதி சுமந்து சென்று, மயிரினும் மெல்லிய நுண்குழாய்களின் சுவர் வழியே கலங்களுக்குக் கொடுக்கின்றது. குழாயை விட்டு வெளியேறிய ஒட்சிசன் நெடுந்தூரம் செல்லாது. ஒரு மில்லிமீற்றரின் பத்திலொரு பங்கு முதல் ஐந்திலொரு பங்கு வரை சென்றதும், வழியிலுள்ள கலங்கள் அதனை முற்றாகப் பயன்படுத்திவிடும். அதற்கு அப்பால் உள்ள கலம் பட்டினி கிடக்க வேண்டியதே. 1955 ஆம் ஆண்டில் தொம்லின்சன், கிறே என்னும் பிரித்தானிய ஆய்வாளர் இருவர் நுரையீரற் புற்றுக் கட்டிகளை நுணுக்குக்காட்டியின் கீழ் ஆராய்ந்து இதனை எடுத்துக் காட்டினர். குருதிக்கலன்கள் உள்ள பகுதியிலிருந்து ஏறத்தாழ 0.18 மில்லிமீற்றர் தூரம் வரை கலங்கள் உயிரோடு இருந்தன. அதற்கு அப்பால் இறந்து கிடந்தன.

இக்கணக்கின் பொருளை ஆழ்ந்து சிந்தித்தவர் அமெரிக்க அறுவை வைத்தியர் ஜூடா போக்மன். 1960 களின் தொடக்கத்தில் அவர் அமெரிக்கக் கடற்படையின் ஆய்வுகூடத்திற் பணியாற்றினார். குருதிக்குப் பதிலாகப் பயன்படுத்தக்கூடிய ஒரு கரைசலைச் சோதிப்பதே அவருக்கு இடப்பட்ட வேலை. முயலின் கேடயச் சுரப்பியை உடலிலிருந்து எடுத்து, கண்ணாடிக் கலத்தில் வைத்து, அக்கரைசலைச் செலுத்தி உயிரோடு பேணினார். பின்னர் அதனுள்ளே சுண்டெலியின் புற்றுக் கலங்களை வைத்துப் பார்த்தார். அவை பெருகின. ஆயினும் ஏறத்தாழ ஒரு மில்லிமீற்றர் அளவை எய்தியதும் வளர்ச்சி நின்றது. அக்கலங்கள் இறந்துவிடவில்லை. அவற்றை எடுத்து மீண்டும் சுண்டெலியின் உடலில் வைத்தபோது விரைந்து பெருத்தன. இரண்டு இடத்திலும் விதை ஒன்றே. உயிருள்ள உடலில் புதிய குருதிக்கலன்கள் கட்டிக்குள் வளர்ந்து சென்றன. கண்ணாடிக் கலத்தில் இருந்த சுரப்பியில் அவை வளரவில்லை. வேற்றுமை இவ்வளவே.

இதிலிருந்து போக்மன் இரண்டு முடிவுகளுக்கு வந்தார். புற்றுக் கட்டி ஏதோ ஒரு பொருளைச் சுரந்து அயலிலுள்ள குருதிக்கலன்களைத் தன்பால் அழைக்கின்றது என்பது ஒன்று. அவ்வழைப்பைத் தடுத்துவிட்டால் கட்டியைக் குறுகிய அளவிலேயே நிறுத்தி வைக்கலாம் என்பது மற்றொன்று. 1971 ஆம் ஆண்டில் அவர் இக்கருத்தை வெளியிட்டபோது அறிஞர் பலர் அதனை ஏற்கவில்லை. கட்டியைச் சூழ்ந்து காணப்படும் குருதிக்கலன்கள் வெறும் அழற்சியின் விளைவு என்றே அவர்கள் எண்ணினர். போக்மன் மனம் தளரவில்லை. அவருடைய ஆய்வுகூடத்தார் முயலின் கண்ணில் உள்ள விழிவெண்படலத்திற் கட்டித் துணுக்கை வைத்துக் காட்டினர். இயல்பாகக் குருதிக்கலன் ஒன்றுமில்லாத அத்தெளிந்த படலத்தின் ஓரத்திலிருந்து புதிய நுண்குழாய்கள் புறப்பட்டு, கட்டி இருந்த திசையை நோக்கி வளர்ந்து சென்றதைக் கண்ணாற் காண முடிந்தது.

அழைப்பு உண்டு என்பது விளங்கிற்று. அழைக்கும் தூதன் யார்? 1983 ஆம் ஆண்டில் அமெரிக்காவில் செங்கர், டுவொராக் முதலியோர், கட்டிகள் சுரக்கும் புரதம் ஒன்று குருதிக்கலன்களின் சுவரைக் கசியச் செய்வதைக் கண்டனர். 1989 ஆம் ஆண்டில் இத்தாலியிற் பிறந்து அமெரிக்காவில் ஆராய்ச்சி செய்த நப்போலியோன் பெராரா என்பவரும் அவர்தம் குழுவினரும், குருதிக்கலன்களின் உட்சுவர்க் கலங்களைப் பெருகச் செய்யும் புரதம் ஒன்றைப் பிரித்தெடுத்தனர். இவ்விரண்டும் ஒரே புரதம் என்பது அவ்வாண்டிலேயே தெளிவாயிற்று. குருதிக்கலன் அகவணி வளர்ச்சிக் காரணி என்பது அதன் பெயர். ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து வி.ஈ.ஜீ.எவ். என்று சுருக்கமாகச் சொல்வர். அகவணி என்பது குருதிக்கலன்களின் உட்பக்கத்தைப் போர்த்தியிருக்கும் ஒற்றைக் கலப்படை ஆகும்.

இத்தூதனைக் கட்டி எப்போது அனுப்புகின்றது என்பதும் ஆராய்ந்து அறியப்பட்டுள்ளது. ஒவ்வொரு கலத்திலும் ஒட்சிசன் குறைவை உணரும் ஏற்பாடு ஒன்று உண்டு. ஒட்சிசன் போதிய அளவு இருக்கும்போது, குறித்த ஒரு புரதம் உண்டான சில நிமிடங்களிலேயே அழிக்கப்பட்டுவிடும். ஒட்சிசன் குறைந்தால் அப்புரதம் அழியாது தங்கி, கலத்தின் கருவினுட் புகுந்து, வி.ஈ.ஜீ.எவ். உட்படப் பல பொருள்களை ஆக்குமாறு ஆணையிடும். இவ்வேற்பாட்டைக் கண்டறிந்தமைக்காக கெயிலின், ரட்கிளிப், செமென்சா என்னும் மூவருக்கு 2019 ஆம் ஆண்டின் மருத்துவ நோபெல் பரிசு வழங்கப்பட்டது. காயம் ஆறும்போதும், கருப்பையிற் சிசு வளரும்போதும் இவ்வேற்பாடு உடலுக்குப் பேருதவி புரிகின்றது. புற்றுக் கட்டியோ அதனைத் தன்னலத்துக்குப் பயன்படுத்துகின்றது. நடுப்பகுதி மூச்சுத் திணறியதும் அதன் கலங்கள் வி.ஈ.ஜீ.எவ். என்னும் தூதனைச் சுற்றுப்புறம் எங்கும் அனுப்பத் தொடங்குகின்றன.

தூதன் வந்தால் மட்டும் போதாது. செய்தியைக் கேட்டுச் செயலாற்றுபவன் ஒருவன் வேண்டும். குளக்கட்டிலே துரிசைத் திறப்பவன் இல்லையெனில், வயலிலிருந்து எத்தனை பேர் ஓடிவந்து கூவினாலும் நீர் வராது. குருதிக்கலனில் அத்துரிசைத் திறக்கும் பணியைச் செய்வதே நாம் முன்பு குறிப்பிட்ட கைனேஸ்.

கைனேஸ் என்பது யாது? உடலின் கலங்களில் ஏ.ரி.பி. என்னும் சத்திப் பொருள் உண்டு. அதன் நுனியில் உள்ள பொஸ்பேற்றுக் கூட்டம் ஒன்றைக் கழற்றி, மற்றொரு புரதத்தின்மீது பொருத்தும் நொதியமே புரதக் கைனேஸ். பொஸ்பேற்று ஏறியதும் அப்புரதத்தின் வடிவமும் செயலும் மாறுகின்றன. உறங்கியது விழிக்கும், அல்லது விழித்திருந்தது உறங்கும். எட்மண்ட் பிஷர், எட்வின் கிரெப்ஸ் என்னும் அமெரிக்க விஞ்ஞானிகள் 1950 களின் நடுப்பகுதியில் தசைக் கலங்களை ஆராய்ந்தபோது இம்முறையைக் கண்டனர். அதற்காக 1992 ஆம் ஆண்டில் அவர்கள் நோபெல் பரிசு பெற்றனர். மனிதனின் பரம்பரை அலகுகளில் ஐந்நூறுக்கு மேற்பட்ட புரதக் கைனேஸ்களுக்குரிய குறிப்புகள் உள்ளன. அவற்றுள் ஒன்றே குருதிக்கலன் வளர்ச்சியை நடத்துவது. அதற்கு இரண்டாம் வி.ஈ.ஜீ.எவ். ஏற்பி என்று பெயர்.

இவ்வேற்பி அகவணிக் கலத்தின் மென்சவ்வில் ஊடுருவி நிற்கின்றது. 1,356 அமினோ அமிலங்கள் கோத்த நீண்ட புரதம் அது. அதன் ஒரு பகுதி கலத்துக்கு வெளியே ஏழு மடிப்புகளாகக் குருதியை நோக்கி நீண்டிருக்கும். ஒரு பகுதி சவ்வினூடே செல்லும். எஞ்சிய பகுதி கலத்துக்கு உள்ளே இருக்கும். உள்ளே இருக்கும் அப்பகுதியே கைனேஸ். தூதன் வராத காலத்தில் இவ்வேற்பிகள் பெரும்பாலும் தனித்தனியே அயர்ந்து நிற்கும்.

வி.ஈ.ஜீ.எவ். புரதம் இரட்டை உருவம் உடையது. ஆதலின் அது வந்து ஓர் ஏற்பியைப் பற்றும்போதே அயலில் நிற்கும் மற்றோர் ஏற்பியையும் பற்றி, இரண்டையும் அருகருகே இழுத்து நிறுத்துகின்றது. வெளியே இவ்வாறு நெருங்கியதும், உள்ளே உள்ள இரு கைனேஸ்களும் ஒன்றையொன்று எட்டுகின்றன. ஒன்று மற்றதன்மீதுள்ள தைரோசீன் என்னும் அமினோ அமிலங்களிற் பொஸ்பேற்றை ஏற்றுகின்றது. மற்றதும் அவ்வாறே கைம்மாறு செய்கின்றது. பொஸ்பேற்று ஏறிய இடங்கள் இப்போது கொளுவிகள் போன்று ஆகின்றன. கலத்தினுள் மிதந்து திரிந்த வேறு புரதங்கள் ஓடிவந்து அக்கொளுவிகளிற் பொருந்துகின்றன. அவை மேலும் சில கைனேஸ்களை எழுப்ப, அவை வேறு சிலவற்றை எழுப்ப, கைக்குக் கை மாறிச் செல்லும் செய்தியாகக் கட்டளை உள்ளே பரவுகின்றது.

அக்கட்டளையின் கிளைகள் நான்கு எனலாம். ஏற்பியின் 1,175 ஆவது இடத்திலுள்ள தைரோசீனில் ஏறிய பொஸ்பேற்று, புரதக் கைனேஸ் சீ என்னும் பிறிதொரு கைனேசை எழுப்பி, கலத்தைப் பிரிந்து பெருகுமாறு ஏவுகின்றது. புரதக் கைனேஸ் பீ எனவும் வழங்கும் வேறொரு கைனேஸ், பிறந்த புதுக் கலங்கள் மடியாதவாறு காக்கின்றது. மூன்றாவது கிளை கலங்களை இடம்பெயரச் செய்கின்றது. நான்காவது கிளை கலங்களுக்கிடையேயுள்ள பொருத்துகளைத் தளர்த்தி, குழாய்ச் சுவரைக் கசிய விடுகின்றது. வளர்ந்த மனிதரின் அகவணிக் கலங்கள் இயல்பாக மிக அரிதாகவே பிரிவன. அவ்வாறு ஆண்டுக் கணக்கில் அமைதியாய் இருந்த கலங்கள், இக்கட்டளை பெற்றதும் புதுக்குழாய் அமைக்கப் புறப்படுகின்றன. முன்னணியில் ஒரு கலம் நுண்ணிய விரல்களை நீட்டி, வி.ஈ.ஜீ.எவ். மிகுந்திருக்கும் திசையைத் தேடிச் செல்கின்றது. அதன் பின்னே மற்றவை பெருகித் தொடர்ந்து குழாயாகின்றன. திசை காட்டுவது தூதன் விடுத்த மணம். நடப்பதும் கட்டுவதும் கைனேசின் ஏவல்.

இக்கைனேஸ் உண்மையிலேயே இன்றியமையாததா என்னும் ஐயத்தைத் தீர்த்த சோதனைகள் இரண்டு. இவ்வேற்பி அறவே இல்லாத சுண்டெலிக் கருக்கள் குருதிக்கலன் அமையாமலே தாயின் வயிற்றில் மடிந்தன என 1995 ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்டது. அதற்கு முந்திய ஆண்டில் ஜெர்மனியில் மற்றொரு சோதனை நடந்தது. வெளிப்பகுதி மட்டும் இருந்து உள்ளே கைனேஸ் இயங்காத ஏற்பியைச் சுண்டெலிகளின் குருதிக்கலன் கலங்களிற் புகுத்தினர். அச்சுண்டெலிகளில் மூளைப் புற்றுக் கட்டி வளராது தடைப்பட்டது. புற்றுக் கலங்களை எவரும் தொடவில்லை. அவற்றுக்கு நீர் திறந்துவிடும் கையைக் கட்டியதே போதுமானதாயிற்று.

இவ்வாறு கட்டிக்கு வந்து சேரும் குருதிக்கலன்கள் நல்ல கலன்கள் அல்ல என்பதும் அறியத்தக்கது. இரவோடு இரவாக அணையை வெட்டிக் கொண்டுபோன கள்ள வாய்க்கால் எப்படி இருக்கும்? கரை உறுதியாக இராது. வளைந்து நெளிந்து செல்லும். ஓரிடத்தில் நீர் தேங்கும். கடைமடைக்குச் சொட்டும் போகாது. கட்டியின் குருதிக்கலன்களும் அத்தகையனவே. அவை கசிகின்றன, முறுக்குண்டு கிடக்கின்றன, சில போக்கிடமின்றி முடிந்துவிடுகின்றன. கசிந்த நீர் கட்டியின் உள் அழுத்தத்தைக் கூட்டுவதால், நோயாளிக்கு ஏற்றும் மருந்தும் கட்டியின் உட்பகுதிக்குச் செல்ல இயலாது திணறுகின்றது. இந்தியாவின் கான்பூர் தொழில்நுட்பக் கழகத்திற் பயின்று அமெரிக்காவில் ஆராய்ச்சி புரியும் ராகேஷ் ஜெயின் 2001 ஆம் ஆண்டில் ஒரு புதுமையான கருத்தை வெளியிட்டார். வி.ஈ.ஜீ.எவ். கட்டளையை அளவாகத் தணித்தால், இக்குழம்பிய குழாய்கள் சில காலம் ஒழுங்குபடும் என்றும், அவ்வேளையில் ஏனைய மருந்துகள் கட்டிக்குள் நன்றாகச் சேரும் என்றும் அவர் கூறினார். இவ்வகை மருந்தைப் பிற மருந்துகளோடு சேர்த்துக் கொடுப்பதற்கு இக்கருத்து ஒரு விளக்கமாக அமைகின்றது.

மருந்துகள் இரண்டு வழியாக வந்தன. ஒருவழி தூதனையே வழிமறிப்பது. பெவசிசுமாப் என்னும் மருந்து வி.ஈ.ஜீ.எவ். புரதத்தைப் பற்றிக்கொள்ளும் பிறபொருளெதிரி. நாளத்தின் வழியே ஏற்றப்படும் இம்மருந்து 2004 ஆம் ஆண்டு பெப்ருவரியில் பெருங்குடற் புற்றுநோய்க்காக அமெரிக்காவில் அனுமதி பெற்றது. மற்ற வழி கைனேசையே தடுப்பது. சொராபெனிப், சுனிற்றினிப் என்பன வாயால் உட்கொள்ளும் வில்லைகள். இவற்றின் சிறிய மூலக்கூறுகள் கலத்துக்குள் நுழைந்து, கைனேசில் ஏ.ரி.பி. வந்து அமரும் குழியிலோ அதனை அடுத்தோ போய் அமர்ந்துவிடுகின்றன. தூதன் வந்து கதவைத் தட்டினாலும், பொஸ்பேற்றை ஏற்றுவதற்குக் கைனேசால் இயலாது போகின்றது. சொராபெனிப் 2005 ஆம் ஆண்டு டிசம்பரில் சிறுநீரகப் புற்றுநோய்க்கும், 2007 ஆம் ஆண்டில் ஈரற் புற்றுநோய்க்கும் அனுமதி பெற்றது. சுனிற்றினிப் 2006 ஆம் ஆண்டு ஜனவரியில் வந்தது.

இவற்றால் விளைந்த நன்மை எவ்வளவு? இங்கே மிகையுமின்றிக் குறையுமின்றி உண்மையைச் சொல்ல வேண்டும். முற்றிய பெருங்குடற் புற்றுநோயில் வழக்கமான மருந்துகளை மட்டும் பெற்றோரின் இடைநிலை ஆயுள் 15.6 மாதம். அவற்றோடு பெவசிசுமாப் பெற்றோரின் இடைநிலை ஆயுள் 20.3 மாதம். முற்றிய ஈரற் புற்றுநோயில் வெறும் வில்லை பெற்றோர்க்கு 7.9 மாதமாக இருந்தது, சொராபெனிப் பெற்றோர்க்கு 10.7 மாதமாக உயர்ந்தது. ஒரு குடும்பத்துக்கு ஒரு தந்தையோடு கழியும் மூன்று மாதம் சிறிய காலம் அன்று. ஆயினும் நோய் தீர்ந்தது என்று சொல்ல இயலாது. மார்புப் புற்றுநோய்க்குப் பெவசிசுமாப் மருந்தை 2008 ஆம் ஆண்டில் அனுமதித்த அமெரிக்க அதிகாரிகள், அது ஆயுளைக் கூட்டவில்லை என்பது தெரிந்ததும் 2011 ஆம் ஆண்டு நவம்பரில் அவ்வனுமதியைத் திரும்பப் பெற்றனர்.

காரணம் என்ன? ஒரு வாய்க்காலை அடைத்தால் கட்டி வேறு வாய்க்காலைத் தேடுகின்றது. வி.ஈ.ஜீ.எவ். அல்லாத வேறு தூதர்களை அனுப்புகின்றது. சில கட்டிகள் புதுக்குழாய் அமைக்காது, முன்பே உள்ள நல்ல குருதிக்கலன்களை ஒட்டியே படர்கின்றன. மேலும், இக்கைனேஸ் நல்ல உடலுக்கும் வேண்டியது. ஆகவே அதைத் தடுக்கும்போது குருதி அமுக்கம் உயர்கின்றது, புண் ஆறத் தாமதமாகின்றது, சிலருக்குக் குருதி கசிகின்றது, வில்லைகளை உட்கொள்வோர்க்கு உள்ளங்கையும் உள்ளங்காலும் சிவந்து தோல் உரிகின்றது. இக்காரணங்களால் இம்மருந்துகளை வைத்திய நிபுணரின் கண்காணிப்பிலன்றி உட்கொள்ளலாகாது. எனினும் ஆராய்ச்சி ஓய்ந்துவிடவில்லை. உடலின் எதிர்ப்புச் சத்தியை எழுப்பும் மருந்தோடு பெவசிசுமாப் மருந்தைச் சேர்த்துக் கொடுத்தால், ஈரற் புற்றுநோயில் அது சொராபெனிப்பைக் காட்டிலும் சிறந்த பயன் தருவது 2020 ஆம் ஆண்டில் வெளியான ஆய்விற் புலனாயிற்று.

மருந்து இருப்பது வேறு, அது கைக்கு எட்டுவது வேறு. மன்னார்க் கடலுக்கு அக்கரையில் உள்ள இந்தியாவில் இதுபற்றிப் பெரியதொரு வழக்கு நடந்தது. சொராபெனிப் மருந்தின் காப்புரிமையை வைத்திருந்த ஜெர்மானிய பேயர் நிறுவனம், ஒரு நோயாளிக்கு ஒரு மாதத்துக்கு வேண்டிய வில்லைகளை ஏறத்தாழ 2,80,000 இந்திய ரூபாவுக்கு விற்றது. ஐதராபாத்தைச் சேர்ந்த நாட்கோ நிறுவனம் அதே மருந்தை மாதம் 8,880 ரூபாவுக்குத் தருவதாகக் கூறி அனுமதி கேட்டது. 2012 ஆம் ஆண்டு மார்ச் 9 ஆந் திகதி, இந்தியக் காப்புரிமைத் தலைமை அதிகாரி பி. எச். குரியன் அவ்வனுமதியை வழங்கினார். மருந்து தேவைப்பட்டோரில் நூற்றுக்கு இருவர் அளவினருக்கே அது கிடைத்திருந்தது என்பதும், மக்கள் வாங்கக்கூடிய விலையில் அது விற்கப்படவில்லை என்பதும் அவர் காட்டிய காரணங்கள். விற்பனையில் நூற்றுக்கு 6 வீதத்தைப் பேயர் நிறுவனத்துக்குச் செலுத்த வேண்டுமெனவும் விதித்தார். மேன்முறையீட்டுச் சபை 2013 ஆம் ஆண்டில் அதனை 7 வீதமாக உயர்த்தி, அனுமதியை உறுதி செய்தது. 2014 ஆம் ஆண்டில் பம்பாய் உயர் நீதிமன்றமும் அதையே உறுதி செய்ய, அவ்வாண்டின் இறுதியில் உச்ச நீதிமன்றமும் தலையிட மறுத்தது. காப்புரிமைச் சட்டத்தின்கீழ் இந்தியா வழங்கிய முதலாவது கட்டாய உரிமம் இதுவே. ஒரு கைனேசின் குழியிற் போய் அமரும் சிறு மூலக்கூறு, விஞ்ஞானத்தின் எல்லையைக் கடந்து நீதியின் மன்றத்தில் நிற்க நேர்ந்த கதை இது.

இனி மீண்டும் நானாட்டானுக்கு வருவோம். இலங்கை ஆண்களிடையே மிகுதியாகக் காணப்படும் புற்றுநோய் உதடும் வாயும் சார்ந்தது. வெற்றிலையும் பாக்கும் சுண்ணாம்பும் புகையிலையும் சேர்த்து மெல்லும் வழக்கமே அதற்குப் பெருங்காரணம். புகையிலை சேராத பாக்குத் தானும் புற்றுநோயை உண்டாக்கும் என உலகப் புற்றுநோய் ஆராய்ச்சி முகவர் நிலையம் 2004 ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வேட்டில் முடிவு செய்துள்ளது. வயலில் குனிந்து நின்று வேலை செய்பவர் களைப்பு மாற்ற ஒரு வாய் வெற்றிலை போடுவதும், முதியோர் அன்புக்கு அடையாளமாக வெற்றிலைத் தட்டத்தை நீட்டுவதும் நம்மவர் மரபு. அம்மரபைப் பழிப்பது இங்கு நோக்கமன்று. அதனால் வாயினுள் நிகழ்வது யாதென அறிவதே நோக்கம்.

வாயின் உட்புறத்தைப் போர்த்தியுள்ள மேற்படலத்தினுள் குருதிக்கலன்கள் இல்லை. அதன் கீழே ஒரு மெல்லிய அடித்தளச் சவ்வும், அச்சவ்வுக்குக் கீழே குருதிக்கலன்களும் உள்ளன. புற்றுக்கு ஆயத்தமாகும் கலங்கள் முதலில் மேற்படலத்துக்குள்ளேயே அடங்கிக் கிடக்கும். அப்போது அது துடைத்தாற் போகாத வெண்படலமாகவோ, செம்படலமாகவோ தோன்றலாம். பெரும்பாலும் நோவு இராது. வெண்படலம் எல்லாம் புற்றாவதில்லை. ஆனால் புற்றாகத் திரும்பும் படலம், நாளடைவில் வி.ஈ.ஜீ.எவ். தூதனை மிகுதியாக அனுப்பத் தொடங்கி, அடித்தளச் சவ்வை உடைத்துக் கீழே இறங்கி, குருதிக்கலன்களைத் தன்பால் அழைத்துக்கொள்கின்றது. அதன்பின் அது வளரும். நிணநீர்க் குழாய் வழியேயும் குருதி வழியேயும் வேறிடங்களுக்குச் செல்லவும் கூடும். வாய்ப் புற்றுநோய்க்கு அறுவையும் கதிர்ச் சிகிச்சையுமே இன்றும் முதன்மையான வழிகள். குருதிக்கலனைத் தடுக்கும் மருந்துகள் அவற்றுக்கு ஈடாகமாட்டா.

ஆகவே கட்டியின் வாழ்வில் இரண்டு பருவங்கள் உண்டெனக் கொள்ளலாம். வாய்க்கால் வெட்டுவதற்கு முந்திய பருவம் ஒன்று, வெட்டிய பிந்திய பருவம் மற்றொன்று. பிந்திய பருவத்தில் உலகின் பேரறிஞர்கள் ஐம்பது ஆண்டுகள் உழைத்துக் கண்ட மருந்துகள் சில மாதங்களைத் தருகின்றன. அவையும் பெரும் பொருட்செலவில் வருவன. முந்திய பருவத்தில் ஒரு பல் வைத்தியர் வெளிச்சத்தில் வாயைத் திறந்து பார்ப்பதே பெரும் பயன் தரும். இரண்டு கிழமைக்கு மேல் ஆறாத வாய்ப்புண், துடைத்துப் போகாத வெள்ளை அல்லது சிவப்புப் படலம், வரவர வாயைத் திறக்க முடியாமை, காரம் பட்டதும் எரிச்சல் ஆகியவற்றை ஒருவர் தம்மில் கண்டால், நோவு இல்லையே என்று வாளாவிருத்தல் தகாது. அரசாங்க வைத்தியசாலைகளில் இப்பரிசோதனைக்குப் பணம் கேட்கப்படுவதில்லை. மேலதிக சிகிச்சை வேண்டின், வடக்கே தெல்லிப்பழையிலும் தெற்கே மகரகமவிலும் புற்றுநோய்ச் சிகிச்சைக்கெனவே வைத்தியசாலைகள் உள்ளன.

நோயாளியின் படுக்கையருகே இருக்கும் உறவினருக்கும் இவ்வறிவு ஆறுதல் தரும். கட்டியைப் பட்டினி போடும் வில்லை என்று வைத்தியர் ஒரு மருந்தைக் குறிப்பிடும்போது, நோயாளியையே பட்டினி போட வேண்டும் என்று எண்ணிச் சோற்றையும் பாலையும் நிறுத்துவோர் உண்டு. அது பெருந்தவறு. அம்மருந்து தடுப்பது குருதிக்கலன்களின் கைனேஸ் உட்படச் சில கைனேஸ்களையே. நோயாளியின் உடலுக்கு நல்லுணவு முன்னிலும் மிகுதியாக வேண்டும். அவ்வாறே, குருதி அமுக்கத்தை அடிக்கடி அளக்கச் சொல்வதும், அறுவைக்கு முன்னும் பின்னும் மருந்தை நிறுத்தி வைப்பதும் வீண் நடைமுறைகள் அல்ல. அவை அக்கைனேஸ் நல்ல குருதிக்கலன்களிலும் பணி செய்கின்றது என்பதை அறிந்து செய்யப்படுவன.

கட்டுக்கரைக் குளத்தின் கீழ் வயல் செய்யும் ஒருவர், அணையில் நீர் கசியும் சிறு துளையைக் கண்டால் மறுநாட்குத் தள்ளிவைப்பதில்லை. ஒரு கூடை மண்ணால் அன்றே அடைக்கக்கூடியதை, உடைப்பெடுத்த பின் ஊரே திரண்டாலும் அடைப்பது அரிது என்பதை அவர் அறிவார். ஒரு புரதக் கைனேசின் நுண்ணிய செயலை அறிய அறிஞர்கள் மேற்கொண்ட நெடும் பயணமும் இறுதியில் அவர் அறிந்த அவ்வுண்மையையே வந்தடைகின்றது. குருதி வாய்க்கால் வெட்டப்படுமுன் கட்டியைக் காண்பதே சிறந்த சிகிச்சை.